குணமாகிவிட்டதென்று நான் சொன்ன ப்ளம்ஸ் கன்றுகள்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மாசி மாதம். நானுஓயாவுக்குப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீட்டுக்குப் பின்னால் உள்ள சரிவில் நான் வைத்திருக்கும் சின்ன நர்சரியில்தான் இது ஆரம்பித்தது. ப்ளம்ஸும் பீச்சஸும்தான் என் தொழில். விதை போட்டு முளைத்த காட்டு பீச் கன்றில், நல்ல மரத்திலிருந்து எடுத்த மொட்டை வைத்து ஒட்டுக்கட்டி, அது துளிர்த்து வளர்ந்ததும் விற்பேன்.

அதற்கு முன் பத்து வருடம் தோட்டத்தில் தேயிலைக் கன்று வளர்க்கும் தவறணையில் வேலை செய்தவள் நான். தேயிலை இலையில் கொப்புளம் வந்தால் மருந்தடிப்போம். அடுத்த கொழுந்து சுத்தமாக வந்தால் நோய் போய்விட்டது என்று அர்த்தம். செடி வைத்தியத்தில் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் எல்லாம் தெரிந்த மாதிரி பேசுவேன்.

அந்த மாசிக்கு முந்தைய வருடமே சில ப்ளம்ஸ் கன்றுகளின் இளம் இலைகளில் மஞ்சள் வட்டங்கள் வந்திருந்தன, யாரோ பொட்டு வைத்துவிட்டுப் போனது போல. பூண்டை அரைத்து, மாட்டுக் கோமியமும் வேப்பெண்ணெயும் கலந்து அடித்தேன். வெயில் ஏறிய சில வாரங்களில் வட்டங்கள் போன இடம் தெரியவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் அந்த மருந்தைச் சொல்லிக் கொடுத்தேன். சுற்று வட்டாரத்தில் அதற்கு "அக்கா மருந்து" என்றே பெயர் வந்துவிட்டது. அதோடு விட்டேனா? நோயிலிருந்து மீண்ட கன்று பலமானது என்று எண்ணி, அவற்றையே தாய்மரங்களாக வைத்துக்கொண்டு, அடுத்த ஒட்டுக்காலத்தில் எல்லா மொட்டுகளையும் அவற்றிலிருந்தே எடுத்தேன்.

அந்த மாசியில் புதுக் கன்றுகள் துளிர்த்தன. வரிசை வரிசையாக மஞ்சள் வட்டம். மறுபடியும் மருந்தைக் கலக்கிக்கொண்டிருந்தபோதுதான் விவசாய உத்தியோகத்தர் வந்தார். சிங்களப் பெண், என் வயதுதான் இருக்கும். ஓர் இலையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். என் வாளியையும் பார்த்தார். "மேக்கட்ட பெஹெத் நே" என்றார். இதற்கு மருந்தே கிடையாது.

பிறகு பாதிச் சிங்களமும் பாதித் தமிழுமாகப் பொறுமையாக விளக்கினார். இது வைரஸ். மரத்தின் உடம்புக்குள் இருப்பது. குளிரில் வரும் முதல் தளிரில் தன்னைக் காட்டும். பிறகு வட்டம் மறையும், வைரஸ் மறையாது. வெளியே ஒன்றும் தெரியாமலே மரம் வருடக்கணக்கில் நிற்கும். அதிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு மொட்டோடும் நோயும் போகும். வட்டத்தைப் போக்கியது என் மருந்து இல்லை, வெயில்தான்.

தாய்மரங்களையும் அவற்றிலிருந்து வந்த கன்றுகள் அத்தனையையும் பிடுங்கி எரிக்கச் சொன்னார். நானும் என் கணவரும் நாலு நாள் பிடுங்கினோம். அழுதுகொண்டேதான் பிடுங்கினேன்.

ஆனால் உத்தியோகத்தரிடம் நான் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. அதே தாய்மரங்களிலிருந்து ஒரு கட்டு மொட்டுக் குச்சிகளை மஸ்கெலியாவில் இருக்கும் ஒரு பெண்ணுக்கும் கொடுத்திருந்தேன். ஹட்டனில் நடந்த ஒட்டுக்கட்டும் பயிற்சியில் அறிமுகமானவர், என்னைவிட இளையவர். கொழுந்து பறித்துக்கொண்டே சொந்தமாக நர்சரி போட முயன்றுகொண்டிருந்தார். அது தேறினால் கொழுந்து பறிக்க மலையேறுவதை விட்டுவிடலாம் என்பதுதான் அவருடைய ஒரே நினைப்பு. என் குச்சிகளை நம்பித்தான் முதல் கன்றுகளைக் கட்டியிருந்தார்.

"சொன்னா நம்ம பேரு என்னாகும்? அங்கன எல்லாம் நல்லா இருக்கோ என்னமோ" என்றார் கணவர். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. மூன்று வாரம் மென்று விழுங்கினேன். ஆனால் அந்தப் பெண் விற்கப்போகும் கன்றுகள் எத்தனை வீட்டுக் கொல்லைக்குப் போகும், அவற்றிலிருந்து யார் யார் குச்சி வெட்டுவார்கள் என்ற கணக்குதான் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹட்டனுக்குப் போய், அங்கிருந்து மஸ்கெலியா பஸ் ஏறினேன்.

வாசலுக்கே ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். தேத்தண்ணி ஊற்றும் முன்பே கன்றுகளைக் காட்ட இழுத்துக்கொண்டு போனார். இடுப்பளவு உயரத்தில் பளபளவென்று நின்றன. ஓர் இலையில்கூட வட்டம் இல்லை.

"மொதல்ல மஞ்சளா வந்துச்சுங்க அக்கா. நீங்க சொன்ன மருந்தத்தான் அடிச்சேன். பாருங்க, சுத்தமா போயிருச்சு!"

அந்தச் சிரிப்புக்கு முன்னால் நின்று சொல்வதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சொல்லிவிட்டேன். மருந்து பொய், குச்சியிலேயே நோய் இருந்தது, என்னுடையதை எல்லாம் எரித்துவிட்டேன், நீங்களும் எரிக்க வேண்டும் என்று. சிரிப்பு அப்படியே நின்றது. என் கையை விட்டுவிட்டுத் தள்ளி நின்றார்.

"நல்லா நிக்கிற கன்னுகள புடுங்கச் சொல்றீங்களா? ஒங்களுது போயிருச்சுன்னா எங்களுதும் போகணுமா? நாங்க தலையெடுத்துருவோம்னு பயமா இருக்கா அக்கா?"

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. வேலை மெனக்கெட்டு வந்து உண்மையைச் சொன்னவளுக்கு இதுவா பரிசு என்று தோன்றியது. தேத்தண்ணியும் குடிக்காமல் திரும்பி நடந்தேன். பாதி வழியில்தான் புத்தி வந்தது. போன வருடம் குணமாகிவிட்டது என்று அடித்துச் சொன்னதும் இதே வாய்தானே? எதை வைத்து இந்த முறை மட்டும் அவர் என்னை நம்ப வேண்டும்?

விடுவதாக இல்லை. மறுநாளே உத்தியோகத்தரிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை. நோயில்லாத விதையில் வளர்த்த இரண்டு பீச் கன்றுகளைக் கொடுத்து, ஒரு வழியும் சொன்னார். அடுத்த ஞாயிறு அந்த இரண்டு கன்றுகளோடும் ஒரு கொசுவலையோடும் மறுபடியும் மஸ்கெலியாவில் போய் நின்றேன்.

"என்னைய நம்பாதீங்க தங்கச்சி. நீங்களே சோதிச்சுப் பாருங்க" என்றேன்.

அவருடைய கத்தி, அவருடைய கை. தோட்டத்திலேயே அழகான கன்றாகப் பார்த்து அவரே தேர்ந்தெடுத்தார். அதிலிருந்து இரண்டு மொட்டுகளை எடுத்து ஒரு பீச் கன்றில் கட்டினார். அந்தப் பீச்சின் தலையை மேலே வெட்டிவிட்டோம். மொட்டில் நோய் இருந்தால் அது பீச்சுக்குள் ஏறி, புதிதாக விடும் தளிரில் தெரியும். இன்னொரு பீச் கன்றின் தலையை மட்டும் வெட்டி, மொட்டு கட்டாமல் விட்டோம். பூச்சி கொண்டுவந்தது என்று பிறகு யாரும் சொல்லாதபடி இரண்டையும் வலைக்குள் வைத்தோம். முடிவு தெரியும்வரை ஒரு கன்றையும் விற்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். அவர் கத்தியைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். வழியனுப்பவும் வரவில்லை.

தென்மேற்கு மழை பிடித்துக் குளிர் ஏறிய ஒரு நாள் போன் வந்தது. "வட்டம் வந்திருச்சு" என்றார். அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

நான் போனபோது மழையில் நனைந்துகொண்டே பாதிக் கன்றுகளைப் பிடுங்கிவிட்டிருந்தார். வலைக்குள் பார்த்தேன். மொட்டு கட்டிய பீச்சின் தளிரெல்லாம் மஞ்சள் வட்டம், மற்றது பச்சைப் பசேலென்று இருந்தது. நானும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினேன். எனக்குத்தான் அழுகை வந்தது. அவர் அழவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. வேலையின் நடுவில், கொட்டகலையிலிருந்து கன்று கேட்டு இரண்டு பேர் வந்ததாகவும், இன்னும் வேர் பிடிக்கவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டதாகவும் சொன்னார். என்மேல் அத்தனை சந்தேகம் இருந்தும் ஒரே ஒரு கன்றைக்கூட அவர் வெளியே விடவில்லை. அந்த இடத்திலேயே அவர் காலில் விழுந்துவிடலாம் போல இருந்தது.

ஈரக் கன்றுகள் லேசில் எரியவில்லை. புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டே கேட்டார்: "சரி, மறுபடி எங்கருந்து ஆரம்பிக்கிறது? அதச் சொல்லுங்க மொதல்ல."

எங்கள் சரிவின் மறு கோடியில், வேலி ஓரமாகத் தனியாக நிற்கும் பழைய ப்ளம்ஸ் மரம் ஒன்று இருந்தது. காய் சின்னதாக இருக்கிறது என்று நான் ஏறெடுத்தும் பார்க்காத மரம். அதன் குச்சியை எடுத்துக்கொண்டு போனேன். சுத்தமானது என்று நான் சொன்னால் போதாது என்பதில் இருவருமே தெளிவாக இருந்தோம். அவரே இரண்டு முறை பீச்சில் கட்டிப் பார்த்தார். இரண்டு முறையும் தளிர் பழுதில்லாமல் வந்தது. இன்று எங்கள் இருவரின் நர்சரியும் அந்த மரத்தின் பிள்ளைகள்தான். போன வருடம் அவர் கொழுந்து பறிப்பதையும் விட்டுவிட்டார்.

என்னை மன்னித்தாரா என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. ஆனால் ஒவ்வொரு ஒட்டுக்காலத்துக்கும் முன்னால் பீச்சில் கட்டிச் சோதிக்க என் மரத்துக் குச்சி அவருக்குப் போகும், அவர் மரத்துக் குச்சி எனக்கு வரும். என் மரத்தை அவரும் அவர் மரத்தை நானும் இப்படி வருடம் தவறாமல் சந்தேகப்படுகிறோம். இதைவிட நம்பிக்கையான சிநேகம் எனக்கு வேறு யாரோடும் இல்லை.