உத்திர வீதிப் பெயர்களோடு போன மனு

நான் ஐந்தாம் வகுப்பு வரை போனவன். அதிலும் பாதி வருஷம்தான். ஆனால் லால்குடிப் பக்கம் வாழை போடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். எந்த வயலுக்கு எந்தக் கன்று, எப்போது முட்டுக் கொடுப்பது என்பதில் என்னைக் கேட்காமல் இறங்குகிறவர்கள் குறைவு. காந்தி மார்க்கெட்டில் வாழைத்தார் இறக்கும் கூலியாகத்தான் ஆரம்பித்தேன். இன்று பன்னிரண்டு ஏக்கர் என் கையில் விளைகிறது. இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தேன், மாடி வைத்து வீடு கட்டினேன். எல்லாம் அந்த மண்ணில் எடுத்தது. அந்த மண்ணில் ஒரு குழிகூட என்னுடையது இல்லை.

நிலம் ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் இருக்கும் ஒரு பெரியவருடையது. முப்பது வருஷக் குத்தகை, எல்லாம் வாய்ப்பேச்சுதான். தங்கமான மனுஷர். போன முறை கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தபோது என் வாழை ஒரு வாரம் இடுப்பளவு தண்ணீரில் நின்று அழுகியது. அரசாங்கம் நிவாரணம் கொடுத்தது. பட்டாவில் பெயர் அவருடையது, பணமும் அவருக்குத்தான் போனது. என்னைக் கூப்பிட்டு, "இது உமக்குச் சேர வேண்டியது, வாங்கிக்கோரும்" என்று அப்படியே கொடுத்துவிட்டார். துண்டை இடுப்பில் கட்டிக் குனிந்து வாங்கிக்கொண்டேன். திரும்பும்போது கொள்ளிடப் பாலத்தில் வண்டியை ஓரங்கட்டிக் கொஞ்ச நேரம் நின்றேன். அழுகினது என் பயிர். அதற்கு வந்ததை நான் இன்னொருத்தர் தயவில் வாங்க வேண்டியிருக்கிறது. அவர் நல்லவர், கொடுத்தார். என் பக்கத்து வயல்காரனுக்கு அவன் நிலத்துக்காரர் கண்ணில்கூடக் காட்டவில்லை.

எங்கள் குத்தகை விவசாயிகள் சங்கத்தில் நான்தான் பேச்சை எடுத்தேன். நிலம் நிலத்துக்காரருக்கே இருக்கட்டும், அதில் ஒரு பிடி மண் கேட்கவில்லை. ஆனால் சேற்றில் இறங்கிப் பயிர் வைக்கிறவன் பெயர் அரசாங்கத் தாளில் ஏற வேண்டும். நிலத்துக்காரர் கையெழுத்துக்குக் காத்திருக்காமல் ஏற வேண்டும். அதற்கு ஒரு சட்டம் வேண்டும். எம்.எல்.ஏ.வைப் பார்த்துச் சட்டசபையில் கேட்கச் சொல்வது என்று முடிவானது. சட்டையைக் கழற்றிவிட்டு ரோட்டில் உட்காரலாம் என்று சிலர் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கேட்பது என் பெயரை, அதை இஸ்திரி போட்ட சட்டையோடுதான் கேட்பேன் என்றேன்.

கையெழுத்து வாங்கும் வேலையையும் நானே எடுத்துக்கொண்டேன். பத்து நாள், பதினாலு ஊர், என் வண்டி, என் பெட்ரோல். வக்கீல் ஒருவர் கட்டம் போட்ட தாள் அடித்துக் கொடுத்திருந்தார். முதல் கட்டத்தில் சர்வே எண், அடுத்ததில் விவசாயி பெயர், விலாசம், கடைசியில் கையெழுத்து. எழுதத் தெரியாதவர்களுக்கு நானே எழுதிக் கைநாட்டு வாங்கினேன். என் எழுத்து குண்டு குண்டாக அழகாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் வந்ததல்ல, கூட்டுறவு சொசைட்டியில் உரத்துக்கு எழுதி எழுதி வந்தது.

தென்னூரில் இருந்த எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கு நானும் பக்கத்து வயல்காரனும் போனோம். அவன் எனக்கு மருமகன் முறை, வாய் கொஞ்சம் நீளம். பஸ்ஸில் வரும்போதே, "மாமா, மாப்பிள்ளை அழைப்புக்குப் போற மாதிரி இருக்கீங்க" என்று என் சட்டையைக் கிண்டல் செய்துகொண்டு வந்தான்.

எம்.எல்.ஏ. மரியாதையாக உட்காரச் சொன்னார். நான் விஷயத்தைச் சொன்னேன், நன்றாகவே சொன்னேன். அவரும் தலையாட்டிக் கேட்டார். பக்கத்தில் நின்ற உதவியாளர் தாள்களைப் புரட்டிக்கொண்டே இருந்தவர் நிமிர்ந்தார்.

"பெரியவரே, முதல் பக்கத்துல பதினோரு பேரு ஸ்ரீரங்கம் உத்திர வீதிங்க. இவங்கள்லாம் எப்பங்க வாழைக்கு மண் அணைக்க வந்தாங்க?"

வாங்கிப் பார்த்தேன். முதல் வரியில் என் குண்டு எழுத்து. விவசாயி பெயர் என்ற கட்டத்தில் என் நிலத்துக்காரர் பெயரும் அவர் வீட்டு விலாசமும். பக்கத்தில் என் கையெழுத்து. அடுத்த வரியும் அப்படி. புரட்டப் புரட்டப் பாதிப் பேருக்கு அப்படி. அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு எழுதியவன் நானேதான்.

நடந்தது இதுதான். உரம், பயிர் இன்சூரன்ஸ், எதுவானாலும் சர்வே எண் எழுதினால் அடுத்து பட்டாக்காரர் பெயரைத்தான் எழுத வேண்டும். அப்போதுதான் தாள் செல்லும். முப்பது வருஷப் பழக்கத்தில் சர்வே எண்ணை எழுதிய கை தானாக அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது. எழுதச் சொன்னவர்களும் அதையேதான் சொல்லியிருக்கிறார்கள். யாருக்கும் உறைக்கவில்லை.

மருமகன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்குக் காது சுட்டது. பதினாலு ஊர்க்காரர்கள் என்னை நம்பிக் கொடுத்த காரியம். இந்தத் தாளைத் தள்ளிவிட்டால் அடுத்த வெள்ளத்துக்கும் குனிந்துதான் வாங்க வேண்டும். எழுந்து நின்றேன்.

"தப்பு என்னுதுங்க. ஆனா எங்க கைக்குப் பழகினது இந்தப் பேருதாங்க. எங்க பேரை எழுதுங்கன்னு இதுவரைக்கும் ஒரு ஆபீஸ்லயும் எங்களைக் கேட்டதில்லை. கேட்க வெக்கிறதுக்குத்தாங்க சட்டம் வேணுங்கிறோம்."

எம்.எல்.ஏ. தாள்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"வேற தாள் எழுத வேணாம் ஐயா. இதையே குடுங்க. பக்கத்துல அவங்கவங்க பேரை மட்டும் எழுதச் சொல்லுங்க. நான் சபையில காட்ட வேண்டியது இதைத்தான்."

மறுபடி பதினாலு ஊரும் சுற்றினேன். தாளின் ஓரத்து வெள்ளையில் ஒவ்வொருவர் பெயராக எழுதினோம். என் பெயரை நான் எழுதியபோது எழுத்து அவ்வளவு குண்டாக வரவில்லை, கோணலாகத்தான் வந்தது. சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

அவர் சொன்னபடி சபையில் கேட்டார். முதல் பக்கத்தைத் தூக்கிக் காட்டினாராம். "தப்பா எழுதினதுக்கு இவ்வளவு பெருமையா மாமா?" என்று மருமகன் கேட்டான். சரியாக எழுதியிருந்தால் எவன் தூக்கிக் காட்டியிருப்பான் என்றேன்.

சட்டம் இன்னும் வரவில்லை. பரிசீலனையில் இருக்கிறது என்கிறார்கள். நானும் போய்க் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். போன வாரம் சொசைட்டியில் உரத்துக்கு எழுதும்போது உத்திர வீதிப் பெரியவர் பெயரை வழக்கம்போல் எழுதி, அதற்குக் கீழே என் பெயரையும் எழுதினேன். கிளார்க் தாளைத் திருப்பிக் காட்டி, "இதுக்குக் கட்டம் இல்லைங்களே" என்றார்.

"தெரியுங்க. கட்டம் வர்ற வரைக்கும் கீழ எழுதுறேன்" என்றேன்.