தெரியாத கை

கொட்டகலையில் எங்கள் தையல் நிலையத்தின் வருடக் கடைசி விருந்து. தமிழ், சிங்கள, முஸ்லிம் சிநேகிதிகள் கூடி விளையாடினோம். கண்ணைக் கட்டிக்கொண்டு, பிடித்த கை யாருடையது என்று சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் கையை விட்டுவிட வேண்டும்.

துணிகளை அயன் பண்ணும் அக்காவின் முறை வந்தது. மெலிந்த உருவம். நம் விரல்களைப் பிடித்துக்கொண்டுதான் எப்போதும் பேசுவார். எங்கள் எல்லோருடைய கையும் அவருக்கு அத்துப்படி. அந்த வருட மண்சரிவில் மகளைப் பறிகொடுத்திருந்தார்.

மகளின் வயதுள்ள சிங்களத் தங்கச்சி கையை நீட்டினாள். அக்கா அதை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டார்.

“யாரு, அக்கா? சொல்லுங்க!” என்று கத்தினோம்.

“தெரியலையேம்மா... இன்னும் கொஞ்சம் பாக்குறேன்.”

தங்கச்சியின் மணிக்கட்டில் பன்சலையில் புத்த பிக்கு கட்டிவிட்ட நூல் இருந்தது. எங்களில் அவள் ஒருத்திதான் அதைக் கட்டியிருந்தாள். அக்காவின் விரல் அந்த நூலைத் தடவிக்கொண்டே இருந்தது.