தங்கச்சி பிழைத்த படம்

பதுளையிலிருந்து பசறைக்கு நான் வேலைக்குப் போன பஸ்ஸில் ஒரு கண்டக்டர் இருந்தார். ஒல்லியான மனிதர், கழுத்தில் மஃப்ளர், சட்டைப்பையில் சீப்பு. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த வீடியோ கடை டிவியில் வரப்போகும் படங்களின் ட்ரெய்லர் ஓடும். பிளேன்டீ குடித்தபடி அதைப் பார்த்துவிட்டு வருவார். பஸ் கிளம்பியதும் முழுப் படத்தையும் சொல்லத் தொடங்குவார். படம் இன்னும் வெளிவந்தே இருக்காது.

ஒரு ட்ரெய்லரில் கதாநாயகனின் தங்கச்சி ஆஸ்பத்திரியில் கிடந்தாளாம். பஸ் பசறைக்குப் போய்ச் சேர்வதற்குள் அவள் பிழைத்து, கல்யாணம் கட்டி, பிள்ளையும் பெற்றுவிட்டாள்.

பிறகு அந்தப் படம் பதுளைக்கு வந்தது. நான் போய்ப் பார்த்தேன். தங்கச்சி இடைவேளைக்கு முன்பே இறந்துபோனாள். மறுநாள் பஸ்ஸில் ஏறியதும் ஏறாததுமாகக் கண்டக்டரைப் பிடித்துக்கொண்டேன்.

“நீங்க சொன்ன கதை தப்புங்க. அந்தப் புள்ள செத்துருது.”

பஸ்ஸில் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். முன் சீட்டில் இருந்த தேயிலைத் தோட்டத்து அம்மா ஒருவர் என்னை முறைத்துவிட்டு, “அது செத்துருச்சாங்க?” என்று கண்டக்டரிடம் கேட்டார்.

அவர் டிக்கெட்டைக் கிழித்து என்னிடம் நீட்டினார்.

“அவங்க எடுத்ததுல செத்துருச்சு போலம்மா. நம்ம கதையில நல்லாத்தான் இருக்கு. இப்ப ரெண்டாவது தடவையா முழுகாம இருக்கு.”

அந்த அம்மா நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார்.

முதல் குழந்தை பையனா, பொண்ணா என்று எனக்குக் கேட்க வேண்டும்போல் இருந்தது. வீம்பில் கேட்காமலே இறங்கிவிட்டேன். அது இன்றும் உறுத்துகிறது.