ராயபுரம் முதல் எண்ணூர் வரை: நான் நிற்காமல் வந்த சைக்கிள் பந்தயம்

எண்ணூருக்கு சைக்கிளில் போய் வரலாமா, எவ்வளவு நேரம் ஆகும், வழி எப்படி என்று என்னுடன் வேலை பார்க்கும் இரண்டு பேர் போன மாதம் கேட்டார்கள். அந்த வழியில் நான் முப்பது நாற்பது தடவை போயிருப்பேன். அதில் ஒரு தடவை பந்தயத்தில் போனேன். 1934 தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. வழியைச் சொல்ல உட்கார்ந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமைதான் முன்னால் வந்து நிற்கிறது. அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

நான் ராயபுரத்தில் ஒரு மரக்கிடங்கில் குமாஸ்தா. யானைக்கவுனியில் சைக்கிள் கடை வைத்திருந்த நாயுடு ஒருவர் அந்தப் பந்தயத்தை நடத்தினார். ராயபுரம் கல்மண்டபத்திலிருந்து எண்ணூர் உப்பங்கழி வரை ஒன்பது மைல், அங்கிருந்து திரும்ப ஒன்பது மைல். பணத்துக்காகப் பந்தயம் ஓட்டுகிறவர்கள் சேரக் கூடாது. பெயர் கொடுக்க எட்டணா. அதுவரை நான் ஆபீஸுக்கு நேரமாகிவிட்டால் வேகமாக மிதிப்பேன், அவ்வளவுதான். என்னை இதில் இழுத்துவிட்டவன் எத்திராஜ்.

எத்திராஜ் காசிமேட்டுக்காரன். அண்ணன்மார் இருவரும் கட்டுமரத்தில் கடலுக்குப் போக, இவன் மட்டும் துறைமுகத்தில் கரி சுமந்தான். சாயங்காலம் தெருவில் உள்ளவர்களின் சைக்கிள்களைப் பழுது பார்ப்பான். கோணிப்போன சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு, ஒரு கண்ணை மூடிப் பார்த்தே எந்தக் கம்பியை முறுக்க வேண்டும் என்று சொல்லிவிடுவான். நாயுடு ஒரு நாள் அதைப் பார்த்திருக்கிறார். "முதல் அஞ்சு பேர்ல வா, கரியை விட்டுட்டு நம்ம கடைக்கு வந்துடு" என்று சொல்லியிருந்தார். பந்தயத்தில் பேர் வாங்கின ஆள் கடையில் இருந்தால் கூட்டம் வரும் என்பது அவர் எண்ணம். எத்திராஜுக்கு அப்போது இருபத்தாறு வயது. காலையில் எழுந்ததும் கறுப்பாகத் துப்புவான். அவன் ஏன் அந்த ஐந்து பேரில் ஒருவனாக வர வேண்டும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

மூன்று மாதம் சேர்ந்து பழகினோம். வாடைக் காற்று அடிக்கும் பருவம். எண்ணூர் போகும்போது காற்று முகத்தில் அறையும், வரும்போது முதுகில் தள்ளும். போகும்போது ஒருவன் முன்னால் காற்றை வாங்கிக்கொள்ள, மற்றவன் அவன் பின்சக்கரத்தை ஒட்டி வருவது என்று வைத்துக்கொண்டோம். கனத்தைக் குறைக்க மட்கார்டு, மணி, கேரியர் எல்லாவற்றையும் கழற்றினோம். இருவருக்கும் ஒரே பம்ப், அது என் வண்டியில். பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் டப்பா அவன் இடுப்பில். யாருக்குப் பஞ்சர் ஆனாலும் இருவரும் நிற்பது என்று பேச்சு.

காலை ஆறரைக்கு நாயுடு துண்டை வீசினார். இருபத்திரண்டு பேர் கிளம்பினோம். தண்டையார்பேட்டை எண்ணெய்த் தொட்டிகளைத் தாண்டும் வரை சாலை நல்ல கெட்டி. திருவொற்றியூர் நாலு மைல், அங்கே மணி ஆறே முக்கால். அதற்கப்புறம் கடல் மணல் சாலையில் ஏறிக் கிடக்கும். சக்கரம் புதையும், ஹாண்டிலை இறுக்கிப் பிடித்தால் விழுவீர்கள், தளர விட வேண்டும். எர்ணாவூர் தாண்டினால் உப்பளம், மறைவே கிடையாது. அங்கே காற்றில் எனக்கு மூச்சு முட்டிவிட்டது. முறைப்படி நான் முன்னால் போக வேண்டிய இடம். எத்திராஜ் திரும்பிப் பார்த்தான்.

"நீ வராத நைனா, பின்னாடியே ஒட்டிகினு வா. நான் பாத்துக்கறேன்."

ஒன்பது மைலில் ஏழு மைல் அவன்தான் காற்றை வாங்கினான். ஏழு பதின்மூன்றுக்கு எண்ணூர் கழியை அடைந்தோம். அங்கே வந்து திரும்பியதற்கு அடையாளமாக ஓர் ஆள் எங்கள் கையில் சிவப்பு நாடா கட்டினார். படகுகள், தண்ணீரில் விழுந்த வெயில் என்று எதையும் பார்க்கவில்லை. பந்தயத்தில் போகிறவன் ஊரைப் பார்ப்பதில்லை. திரும்பும்போது காற்று முதுகில். கத்திவாக்கத்தில் மூன்று பேரைப் பிடித்துத் தாண்டினோம். எங்களுக்கு முன்னால் மூன்றே பேர். நான் நாலாவது, எத்திராஜ் என் பின்னால் ஐந்தாவது.

எர்ணாவூருக்குச் சற்று முன்பு, என் முதுகுக்குப் பின்னால் 'டப்' என்று சத்தம் கேட்டது. எத்திராஜின் சக்கரத்தில் மாட்டு லாடத்தின் ஆணி. அது எனக்குப் பிறகுதான் தெரியும். "நைனா, பம்பு" என்றான். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம், "நைனா, பம்பு." மூன்றாம் தரம் என் பெயரைச் சொல்லியே கூப்பிட்டான்.

நான் திரும்பவில்லை. நிற்கக் கூடாது என்று தீர்மானித்துப் போனேன் என்று சொன்னால் அது பொய். இதோ அந்த வளைவில் நிற்போம், இதோ அந்தப் பனைமரத்தில் நிற்போம் என்று நினைத்துக்கொண்டே மிதித்தேன். வளைவும் போயிற்று, பனைமரமும் போயிற்று. அப்புறம் அவன் குரல் கேட்கவில்லை. அது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

திருவொற்றியூரில் ஒருவன் என்னைத் தாண்டினான். ஏழு ஐம்பதுக்குக் கல்மண்டபத்தில் ஐந்தாவதாக வந்து சேர்ந்தேன். கை தட்டினார்கள், யாரோ சோடா உடைத்துக் கொடுத்தார்கள். அப்போதாவது பம்பை எடுத்துக்கொண்டு எதிரே போயிருக்கலாம், இருபது நிமிஷ வேலை. மெடல் கொடுக்கப் பெயர் கூப்பிடுவார்கள் என்று நின்றுவிட்டேன்.

ஒன்பது பத்துக்கு எத்திராஜ் நடந்து வந்தான். ஐந்து மைலுக்கு மேல், டயர் கிழியாமல் இருக்கப் பின்சக்கரத்தைத் தரையில் படாமல் தூக்கிக்கொண்டு. ஞாயிற்றுக்கிழமை, வழியில் ஒரு சைக்கிள் கடையும் திறக்கவில்லை. நாயுடு அதற்குள் கிளம்பிப் போய்விட்டார்.

"கூப்ட்டேனே, கேக்கலயா?" என்றான்.

"காத்து பலமா இருந்துது எத்திராஜி. ஒண்ணுமே காதுல விழல."

 அவன் குரலில் கோபம் தெரியவில்லை. "வாடக் காத்து நைனா. எம் பக்கத்துலேந்து உம் பக்கம்தான் அடிச்சினு இருந்துது" என்றான். கடல்காரன் வீட்டுப் பிள்ளையிடம் போய்க் காற்றின் மேல் பழி போட்டிருக்கிறேன். இடுப்பிலிருந்த டப்பாவை அவிழ்த்து என் கையில் கொடுத்தான். "இது உன்னுது. வூட்ல தேடுவாங்க, வர்றேன்" என்று போய்விட்டான்.

நாலு நாள் கழித்து யானைக்கவுனிக்குப் போனேன். எத்திராஜ் என்னைவிட நல்ல ஓட்டக்காரன், பஞ்சர் ஆகாமல் இருந்தால் நிச்சயம் முன்னால் வந்திருப்பான் என்று நாயுடுவிடம் சொன்னேன்.

"பஞ்சர் யாருக்குத்தான் ஆவல? பம்பு கூட எடுத்துக்காம பதினெட்டு மைல் கெளம்புறவன, வேல தெரிஞ்சவன்னு எப்பிடிப்பா கடையில வெக்கிறது?" என்றார்.

பம்ப் என்னிடம்தான் இருந்தது என்று சொல்ல வேண்டிய இடம் அது. அதைச் சொல்லத்தான் ஒரு மணி நேரம் நடந்து போயிருந்தேன். "ஆமாங்க, எடுத்துக்கல" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். எர்ணாவூரில் செய்ததற்காவது மூச்சு வாங்கியது, யோசிக்க நேரமில்லை என்று ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். நாயுடு கடையில் நாற்காலி போட்டு உட்கார வைத்துக் கேட்டார். அதற்கு என்னிடம் சமாதானம் இல்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். மாசிக்குப் பிறகு போங்கள், வாடை ஓய்ந்திருக்கும். ஆறு மணிக்கே கிளம்பினால் வெயிலுக்கு முன் திரும்பலாம். நிதானமாகப் போனால் போக ஒன்றேகால் மணி நேரம். திருவொற்றியூர் தேரடியில் காலை ஐந்தரைக்கே இட்லி கிடைக்கும், அதற்கப்புறம் எண்ணூர் வரை சாப்பிட ஒன்றும் இல்லை. உப்பளத்துப் பக்கம் கிடைக்கும் தண்ணீர் கரிக்கும், குடிக்காதீர்கள். களைத்துவிட்டால் எண்ணூரில் வண்டியை ரயிலில் ஏற்றிக்கொண்டு ராயபுரத்தில் இறங்கலாம். எத்தனை பேர் போனாலும் ஆளுக்கொரு பம்ப் எடுத்துக்கொள்ளுங்கள்.

எத்திராஜ் இன்னும் கரிதான் சுமக்கிறான். போன வாரம் துறைமுக வாசலில் எதிரே வந்தான். "இன்னா நைனா, நல்லா கீறியா?" என்று கேட்டான், எப்போதும் கேட்பது போல. இருக்கிறேன் என்றேன். இருமல் அதிகமாகியிருக்கிறது. பேச்சை நிறுத்தி, சுவரைப் பிடித்துக்கொண்டு இருமிவிட்டுத்தான் போனான்.

முன்பின் தெரியாத உங்களிடம் எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். அவனுக்குப் படிக்கத் தெரியாது. இதை அவனுக்கு யாராவது வாசித்துக் காட்ட வேண்டுமென்றால் அது நான்தான். காசிமேடு என் வீட்டிலிருந்து அரை மைல். இதைச் சொல்ல நாலு வருஷமாக நான் கிளம்பவில்லை.