வருவான் என்று சொல்லிவிட்டுப் போனவர்

கல்யாண வீடுகளில் அமுதவல்லி சபையில் உட்காருவதில்லை. நேராகப் பந்திப் பக்கம் போய்ச் சாம்பார் வாளியைக் கையில் எடுத்துக்கொள்வாள். உட்கார்ந்தால், குங்குமத் தட்டோடு வரிசையாக வருகிறவள் அவளுக்கு முன்னால் வந்ததும் தயங்குவாள். நீட்டுவதா, தாண்டிப் போவதா என்று யாருக்கும் தெரியாது. கழுத்தில் தாலி இருந்தது. கட்டியவன் போய் இருபத்தைந்து வருடமாகிவிட்டது.

அவன் பெயர் தமிழ்மணி. கடத்தூர் பக்கத்துக் கிராமம், ஐந்து ஏக்கர் மேட்டுக்காடு, தக்காளியும் மஞ்சளும். நிலத்தை அப்பாவிடம் விட்டுவிட்டுப் பத்தொன்பது வயதில் ராணுவத்தில் டிரைவராகச் சேர்ந்தான். தொண்ணூற்றொன்பதில் கார்கில் சண்டை நடந்தபோது மலைக்கு மேலே சாமான் ஏற்றிப் போகும் லாரி அவனுடையது. அப்போது கல்யாணமாகிப் பதினான்கு மாதம். அமுதவல்லிக்கு இருபத்தொரு வயது. ஜூலையில் 'காணவில்லை' என்று தகவல் வந்தது. பிறகு 'இறந்ததாகக் கருதப்படுகிறார்' என்று ஒரு காகிதம் வந்தது. உடல் வரவில்லை.

அந்தக் 'கருதப்படுகிறார்' வீட்டில் எவருக்கும் இறங்கவில்லை. மாமனார் காகிதத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். மாமியார் செல்லி சோற்றைத் தொடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். கருமாதி செய்யலாமா என்று கேட்ட பங்காளியை, பதினெட்டு வயது மாதவராஜ் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளினான். தமிழ்மணியின் ஒரே தம்பி அவன்.

அடுத்த வருடம் தை மாதத்தில் ஒருவர் வந்தார். கட்டை மயிர், கையில் பச்சை டிரங்குப் பெட்டி. தமிழ்மணியோடு ஒரே யூனிட்டில் இருந்ததாகச் சொன்னார். செல்லி எழுந்து ஓடி வந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"எம் புள்ள எப்பங்க வருவான்?"

அவர் அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு, "வருவான்மா," என்றார்.

அமுதவல்லி டீ கொண்டுவந்து வைத்தாள். பாதி குடித்து வைத்துவிட்டார். போகும்போது தொட்டித் தண்ணீரில் முகத்தைக் கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். அமுதவல்லி அதைப் பார்த்தாள். அவளுக்கு அப்போதே ஏதோ புரிந்தது. ஆனால் அன்று மதியம் செல்லி இரண்டு கரண்டி ரசம் சோறு சாப்பிட்டாள். ஏழு மாதத்தில் கஞ்சியைத் தவிர அவள் வாயில் போன முதல் சோறு அதுதான். அமுதவல்லி வாயைத் திறக்கவில்லை.

அந்த ஒரு வார்த்தையை வைத்து மாதவராஜ் ஒரு கதையைக் கட்டத் தொடங்கினான்.

முதலில் பாகிஸ்தான் ஜெயில் வந்தது. எல்லை தாண்டிப் பிடிபட்டவர்களை வேறு பெயரில் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று பஸ்ஸில் யாரோ சொன்னார்கள். பிறகு, அந்த லாரியில் போனது சாமானே இல்லை, ரகசியமாக அந்தப் பக்கம் அனுப்பப்பட்ட ஆட்கள் என்றானது. ஆட்கள் மாட்டிக்கொண்டதும் இரண்டு நாட்டு அதிகாரிகளும் சேர்ந்து அமுக்கிவிட்டார்கள். ஏதோ ஒரு மீனவர் அங்கிருந்து விடுதலையாகி வந்தபோது, உள்ளே தமிழ் பேசும் ஒருவர் தருமபுரி பஸ் ஸ்டாண்டைப் பற்றி விசாரித்ததாகச் சொன்னாராம். அந்த மீனவர் யார், எந்த ஊர் என்று மாதவராஜ் ராமேஸ்வரம் வரை போய்த் தேடினான். கிடைக்கவில்லை. கிடைக்காததே ஒரு சாட்சியாகிவிட்டது. "பாத்தீங்களா, ஆள அப்புறப்படுத்திட்டாங்க," என்றான்.

எல்லாவற்றுக்கும் அடியில் அந்தப் பச்சைப் பெட்டிக்காரர் இருந்தார். "ஒரு மிலிட்டிரிக்காரர் ரகசியமா எங்க வூட்டுக்கு வந்தாரு. வருவான்னு சொன்னாரு. அதுக்கப்புறம் அவரயும் காணோம்." இந்த இடம் வரும்போது கேட்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். அமுதவல்லி உள்ளே அரிசி களைந்துகொண்டிருப்பாள்.

ஒருமுறை, ஒரே ஒருமுறை, அவள் கேட்டாள். "தம்பி, வண்டி கவுந்திருந்தா?"

மாதவராஜ் அவளைப் பரிதாபமாகப் பார்த்தான். "லாரி கவுந்து செத்தான்னா அதுல என்னா அண்ணி இருக்கு? தெனம் தொப்பூர் கணவாயில கவுறுது. எங்கண்ணன் அப்படிச் சாகற ஆளா?"

மாமனார் போனார். செல்லியும் போனாள், கடைசி வரை மூத்தவன் வருவான் என்ற நம்பிக்கையோடுதான். அமுதவல்லி சத்துணவு அமைப்பாளராக வேலைக்குச் சேர்ந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு முட்டை எண்ணிப் போட்டுக்கொண்டு வயதானாள். அவளுடைய அண்ணன் இரண்டு முறை வேறு கல்யாணப் பேச்சோடு வந்தார். "உசுரோட இருக்கறவன் பொண்டாட்டிக்கா?" என்று மாதவராஜ் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டு திரும்பிப் போனார். அவளும் 'எனக்கு வேணும்' என்று சொல்லவில்லை. எதை வைத்துச் சொல்வது?

மாதவராஜ் கடத்தூரில் சொட்டுநீர்க் குழாய்க் கடை வைத்திருந்தான். இரண்டாயிரத்து இருபத்துநாலில் ஒரு யூடியூப் சேனல்காரர்கள் வந்து அவனைப் பேசவைத்துப் படம் பிடித்தார்கள். மூன்றே நாளில் நாலு லட்சம் பேர் பார்த்தார்கள். துபாயிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் எழுதினார்கள். எங்கள் சித்தப்பாவும் இப்படித்தான் என்று எழுதினார்கள். உண்மையை மறைக்காதே என்று யாரையோ திட்டினார்கள். மாதவராஜ் ஒவ்வொன்றையும் அவளிடம் வாசித்துக் காட்டினான். அவன் முகம் அவ்வளவு வெளிச்சமாக இருந்து அவள் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சித்தேரி மலையிலிருந்து ஒரு பெரியவர் இறங்கி வந்தார். வேட்டி, அரைக்கைச் சட்டை, நெஞ்சில் ஆபரேஷன் செய்த தழும்பு பொத்தான் இடுக்கில் தெரிந்தது. வாசலில் நின்ற அமுதவல்லியைப் பார்த்துக் கைகூப்பினார்.

"எம்பேரு வேடியப்பனுங்க. முன்ன ஒருக்கா வந்திருக்கறேன். டீ குடுத்தீங்க."

அவளுக்கு அடையாளம் தெரிந்தது. உட்காரச் சொன்னாள். மாதவராஜும் அவன் மனைவி ஜெயபிரியாவும் வந்து நின்றார்கள்.

"பேரன் போன்ல அந்த வீடியோவக் காட்டுனான்," என்றார் வேடியப்பன். "என்னயத்தான் சொல்றீங்கன்னு தெரிஞ்சிது. ரகசியம் ஒண்ணும் இல்லீங்க. அவன் வண்டிக்கு அடுத்த வண்டி என்னுது. பனி உருகி ரோட்டோரம் இளகிக் கெடந்தது. வளைவுல பின்சக்கரம் மண்ணோட எறங்கிடுச்சு. கீழ ஆறு. ஒம்பது நாளு தேடினோம். அவங்கூட இருந்த பையன் கெடச்சான். இவன் கெடைக்கல. வண்டியில ஸ்டவ்வுக்கு மண்ணெண்ணெய், உருளைக்கிழங்கு, கம்பளி. அவ்வளவுதான்."

வேடியப்பன் வாசல் தொட்டிப் பக்கம் பார்த்தார்.

"அன்னிக்கு அதைச் சொல்லத்தான் வந்தேன். அந்தம்மா கையப் புடிச்சாங்க. அந்தக் கைய வச்சிக்கிட்டு எனக்குச் சொல்ல வரல. நீங்களா தெரிஞ்சிப்பீங்கன்னு நெனச்சேன். தப்புப் பண்ணிட்டேன்."

மாதவராஜின் குரல் அமைதியாகவே வந்தது. "உங்கள யாரு அனுப்புனது?"

"யாரும் அனுப்பலீங்க."

"நாலு லட்சம் பேரு பாத்த பொறவு வர்றீங்க. இருபத்தஞ்சு வருஷம் எங்க போனீங்க? பென்ஷன நிறுத்திடுவோம்னு சொன்னாங்களா?"

"தம்பி," என்றாள் அமுதவல்லி.

"அண்ணி, இவரு அவரே இல்ல. அவரு நல்ல சிவப்பு." மாதவராஜ் வெளியே போய் வண்டியைக் கிளப்பினான். ஜெயபிரியா பெரியவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

அமுதவல்லி அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். வண்டி விழுந்த அன்று காலை தன் கணவர் சாப்பிட்டாரா என்று கேட்டாள். பூரி சாப்பிட்டான் என்றார். என்ன பேசினார் என்று கேட்டாள். லீவுக்குப் போனதும் மோட்டாருக்குப் புது பெல்ட் வாங்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தான் என்றார். கத்தினாரா என்று கேட்டாள். ஆற்றுச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்றார். கேட்க வேறு எதுவும் இல்லாமல் போனதும் அவளுக்கு அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. உடம்பெல்லாம் வலித்தது, காய்ச்சல் விட்ட மறுநாள் போல.

அடுத்த அமாவாசைக்கு அவள் தர்ப்பணம் கொடுக்க ஒகேனக்கல் போனாள். கொள்ளி போட்டவனோ பிள்ளையோ செய்ய வேண்டியது. மாதவராஜ் வர மறுத்துவிட்டான். வேடியப்பன் தானே செய்வதாகச் சொல்லி வந்தார். ஐயர் பெயர் கேட்டார், கோத்திரம் கேட்டார், இறந்த திதி கேட்டார். வேடியப்பனுக்குத் தேதி நினைவிருந்தது. அவர் எள்ளும் தண்ணீரும் இறைத்தார். சற்றுத் தள்ளி, துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து அமுதவல்லி தானே தாலியைக் கழற்றிச் சேலை முந்தியில் முடிந்துகொண்டாள். நெற்றிப் பொட்டை அழிக்கவில்லை. அதை அழிக்கச் சொல்லவும் அங்கே யாரும் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது மாதவராஜ் அவள் கழுத்தைப் பார்த்தான்.

"கொன்னுட்டீங்களே, அண்ணி," என்றான். அதற்குப் பிறகு அவளோடு பேசவில்லை.

அடுத்த வாரம் சேனலில் புதிய வீடியோ வந்தது. 'எங்கள் வீட்டுக்கு வந்த மர்ம நபர்.' அதை எட்டு லட்சம் பேர் பார்த்தார்கள். குடும்பத்தில் ஒருவரையே விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்று மாதவராஜ் அதில் சொன்னான். பெயர் சொல்லவில்லை. ஆனால் சத்துணவுக் கூடத்தில் ஆயாவாக இருந்தவள், "உன்னயா அக்கா சொல்றாரு?" என்று கேட்டாள். அமுதவல்லி பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒற்றை அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்து, தன் துணிமணியையும் இரண்டு பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். தடுப்பாருமில்லை.

மார்கழிக் கடைசியில் ஒரு மத்தியானம், பிள்ளைகள் சாப்பிட்டுப் போன பிறகு, மாதவராஜ் கூடத்து வாசலில் வந்து நின்றான். இளைத்திருந்தான். உள்ளே வரவில்லை.

"அந்தாளுகிட்ட ஒண்ணு கேட்டீங்களா?" என்றான். "வுழும்போது அண்ணன் யாரயாச்சும் கூப்புட்டானா?"

அவள் கழுவிக்கொண்டிருந்த அண்டாவைக் கீழே வைத்தாள். "கேட்டேன். ஆத்துச் சத்தத்துல ஒண்ணும் கேக்கலயாம்."

அவன் தலையை ஆட்டினான். சுவரில் ஒட்டியிருந்த வாராந்திர உணவுப் பட்டியலையே பார்த்தான். அமுதவல்லி தட்டில் கொஞ்சம் சோறு போட்டு நீட்டினாள். வாங்கிக்கொண்டு, நின்றபடியே, பாதி சாப்பிட்டான்.

"ஒம்பது நாளு தேடினாங்களாமே," என்றான்.

"ஆமா."

"ஒம்பது நாளு தேடி ஒருத்தன் கெடைக்கலைன்னா, அங்க இல்லைன்னுதான அண்ணி அர்த்தம்."

அவள் அண்டாவைத் திரும்பக் கையில் எடுத்தாள். அவன் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனான். மாசியில் ஒருவர் அவனுக்கு எல்லைப் பகுதி வரைபடம் ஒன்றை அனுப்பினார் என்றும், அதைப் பெரிதாக அச்சடித்துக் கடைச் சுவரில் மாட்டியிருக்கிறான் என்றும் ஜெயபிரியா சொன்னாள். குழாய் வாங்க வந்தவர்கள் அதைக் காட்டி விவரம் கேட்கிறார்களாம். கேட்டவர்கள் எல்லாரும் கடைசி வரை நின்று கேட்டுவிட்டுத்தான் போகிறார்களாம்.