படகைத் தள்ளிக்கொண்டே செய்த ஜெபம்

விடிகாலையில் கடலுக்குப் போன மனுஷன் பகல் இரண்டு மணியாகியும் திரும்பவில்லை. சபையாரே, அன்று எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நான் மயிலாப்பூரில் ஜாக்கெட் தைக்கிறவள். நொச்சிக்குப்பத்து அமுதா என் பல வருஷத் தோழி. போன கார்த்திகையில் புயல் ஓய்ந்த மூன்றாம் நாள், தூக்கு நிறையத் தயிர்சாதத்தோடு அவளைப் பார்க்கப் போனேன். பாதி வீடுகளுக்குக் கூரை இல்லை. ரோடெல்லாம் மணல். அமுதா வாசலில் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் ரவி, புயலுக்கு முன்னால் கடலில் விட்டு வந்த வலையைத் தேடித் தனியாகப் போயிருந்தார். காற்று கொஞ்சம் தணிந்தால் போதும், இவர்களுக்கு வலை ஞாபகம்தான். உயிர் ஞாபகமே வராது.

"இப்ப இன்னாத்துக்குப் போறேன்னு கத்துனேன் அக்கா, கேட்டாத்தான?" என்று அழுதாள். போனும் போகவில்லை.

ஒரு படகு வரவில்லை என்றால் குப்பத்தில் வேறெந்தப் படகும் மீனுக்குப் போகாது, தேடத்தான் போகும். கூரை கட்டிக்கொண்டிருந்த ஆண்கள் அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். புயலுக்குப் பயந்து ரோட்டில் ஏற்றிவைத்த படகுகளை மறுபடி கடலில் இறக்க வேண்டும். நான் மணலில் முழங்கால் போட்டுக் கண்ணை மூடினேன். வார்த்தையே வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அவர் செத்துப்போய்விட்டார் என்றே மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன்.

அமுதா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "எயிந்திரு அக்கா! உன் சாமிகிட்ட நீ கேளு, எங்க ஆத்தாகிட்ட நான் கேக்குறேன். கை சும்மாத்தான கீது? தள்ளிக்கினே கேளு!"

எனக்குச் சுருக்கென்றது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு படகில் கை வைத்தேன். பெண்களெல்லாம் "ஐலசா" என்று கத்த, நான் "இயேசப்பா" என்று கத்தினேன். அலை மார்பில் அடித்தது. ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து படகுகள் இறங்கின.

பொழுது சாய்வதற்குள் கரையில் ஒரே கூச்சல்! ரவியின் படகைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். கோவளத்துக்கு நேரே என்ஜின் நின்று மிதந்துகொண்டிருந்தாராம். நடுங்கிக்கொண்டே இறங்கியவர் சொன்ன முதல் வார்த்தை, "வலை கெடச்சிச்சு மே."

"அந்த வலையவே கட்டிக்கினு குடும்பம் நடத்து!" என்று அவர் முதுகில் ரெண்டு போட்டுவிட்டு, அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள் அமுதா. நானும் ஓவென்று அழுதேன்.

ஆண்டவருக்குக் கோடி ஸ்தோத்திரம்! அந்தக் குப்பத்தாரை நினைத்தால் எனக்குப் பெருமை தாங்கவில்லை. தலைக்கு மேல் கூரை இல்லாத ஜனங்கள், அடுத்த வீட்டு மனுஷனைத் தேடக் கிளம்பினார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தியாக நின்றேன் என்று எங்கே வேண்டுமானாலும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுவேன்.

முன்பெல்லாம் யாராவது கஷ்டம் என்றால், "ஜெபம் பண்றேன்" என்று சொல்லிவிட்டுத் தையல் மிஷினில் உட்கார்ந்துவிடுவேன். இப்போது செருப்பை மாட்டிக்கொண்டு அவர்களோடு கிளம்பிவிடுகிறேன்.

உங்களுக்கும் வார்த்தை வராத ஒரு நாள் வரும். பயப்படாதீர்கள். அவநம்பிக்கையோடு நான் கத்திய அந்த ஒரு பெயருக்கே ஆண்டவர் ஒரு மனுஷனைக் கரைசேர்த்தார். நம்பிக் கூப்பிடுங்கள். கூப்பிட்டுக்கொண்டே தள்ளுங்கள்.