தெரு வரலாற்றின் மேல் ஒரு தம்ளர் காப்பி

காப்பி கொட்டியது போகிக்கு முந்தின செவ்வாய்க்கிழமை. என் கணவர் புதன் என்று சாதிப்பார். மாட்டுங்காவில் அவர் வேலை பார்க்கும் பாத்திரக் கடைக்குச் செவ்வாய்தான் விடுமுறை. அவர் வீட்டில் இருந்தால்தானே காப்பி கொட்டும்? ஆகவே செவ்வாய்.

அந்த ஆண்டு பொங்கல் விழாக் குழுவினர் தாராவியில் எங்கள் தெருவின் வரலாற்றை விழா மலருக்கு எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியை, சும்மா இருக்கிறாள் என்று நினைத்திருப்பார்கள். தெருவுக்குக் குழாய் எப்போது வந்தது, எல்லோரும் சேர்ந்து ரோட்டில் பொங்கல் வைக்கத் தொடங்கியது எந்த ஆண்டு என்று வீடு வீடாகக் கேட்டேன். எல்லோரும் ஒரே மாதிரி பதில் சொன்னார்கள்: "அப்ப என் மூத்தவ வயித்துல இருந்தா டீச்சர்." மூத்தவளின் பள்ளிச் சான்றிதழை வாங்கிப் பார்த்து, பிறந்த தேதியிலிருந்து சில மாதங்களைக் கழித்து, ஆண்டைக் கண்டுபிடிப்பேன். இப்படியே எழுதி முடித்தேன். அன்று மாலைக்குள் அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். அதன்பின் பண்டிகை வரைக்கும் அவர்கள் புது வேலை எதுவும் வாங்க மாட்டார்கள். முழு வரலாறும் கணினிக்குள் மட்டுமே இருந்தது. பென் டிரைவில் ஒரு பிரதி உண்டு. ஆனால் அது குழாய் வருவதற்கு முன்பே நின்றுபோயிருந்தது.

கடைசியாக ஒருமுறை சரிபார்த்துக்கொண்டிருந்தபோது என் கணவர் காப்பித் தம்ளருடன் வந்து பின்னால் நின்றார். தம்ளரை விசைப்பலகையின் பக்கத்தில் நிற்கும் கணினிப் பெட்டியின் தலைமேல் வைத்தார். அந்தத் தகரம் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். காப்பி ஆறாது என்பது அவருடைய கண்டுபிடிப்பு.

"இது தப்புட்டி. நம்ம கல்யாணத்துக்குப் பொறவுதான் கொழா வந்துச்சி" என்று திரையைத் தொட்டுக்காட்டக் கையை நீட்டினார். முழங்கை தம்ளரைத் தட்டியது. காப்பி விசைப்பலகை முழுவதும் பரவி, பெட்டியின் பக்கவாட்டிலும் வழிந்தது. நான் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினேன்.

"சீனி போடாத காப்பிதானட்டி. தொடச்சா போயிரும்" என்றார்.

தீபாவளிக்குப் பிறகு டாக்டர் அவருக்குச் சீனியை நிறுத்தியிருந்தார். அன்றிலிருந்து தன் காப்பியைத் தானே போட்டுக்கொள்கிறார். எனக்கு வேலை மிச்சம் என்று நானும் மகிழ்ந்திருந்தேன்.

சத்தம் கேட்டு, எங்களுக்குக் கீழே தோல் பைப் பட்டறை வைத்திருக்கும் பாய் இரும்பு ஏணியில் பாதி ஏறி எட்டிப் பார்த்தார். தென்காசிப் பக்கத்துக்காரர்.

"அரிசி மூட்டைக்குள்ள ரெண்டு நாள் போட்டு வைக்கணும்னு மொபைல்ல சொல்லுதான் டீச்சர்."

"எனக்குச் சாயங்காலம் வேணும் பாய்."

"அப்ப ஹீட் கன்தான். தோல்ல தடவுன பசையே கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள காஞ்சிருது. காப்பி எம்மாத்திரம்? டென்ஷனே எடுக்காதீங்க."

துப்பாக்கி வடிவத்தில் அனல் காற்று ஊதும் அந்தக் கருவியைக் கொண்டுவந்து, பெட்டிக்கு ஒரு சுற்று, விசைப்பலகைக்கு இரண்டு சுற்று எனத் தாராளமாக ஊதினார். சற்று நேரத்தில் அறை முழுவதும் இனிய மணம் கமழ்ந்தது. பக்கத்தில் யாரோ அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுகிறார்கள் என்று நினைத்தேன்.

"மாஷா அல்லாஹ், என்னா வாசன! எந்த வீடு டீச்சர்?" என்றார் பாய்.

என் கணவர் எழுந்துபோய்ச் சன்னலைச் சாத்தினார்.

"ஏங்க சன்னல அடைக்கிய?"

"தூசி வருதுட்டி."

பிளக்கைச் செருகிப் பொத்தானை அழுத்தினேன். விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. உள்ளேயிருந்து பீப், பீப் என்று ஓயாத கூச்சல்.

"ரேம்ல அழுக்கு இருந்தா இப்படித்தான் கத்தும். ரப்பர் வச்சித் தேய்ங்க" என்றார் பாய். கணினிக்கு எந்த நோய் வந்தாலும் நினைவுப் பட்டையைக் கழற்றி அழிரப்பரால் தேய்ப்பதுதான் எங்கள் பக்கத்து முதல் வைத்தியம். ஆசிரியை வீட்டில் ரப்பருக்கா பஞ்சம்? தேய்த்து மாட்டினேன். முன்பைவிட உற்சாகமாகக் கத்தியது.

"போச்சி டீச்சர். மதர்போர்டு காலி" என்று பாய் துக்கவீட்டுக்கு வந்தவர் போலக் கையைக் கட்டிக்கொண்டார்.

தெருவிலுள்ள மூத்த பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மறுபடி வயிற்றுக்குள் போய்விட்டது போல இருந்தது எனக்கு. மாலைக்குள் அவர்களை எப்படி வெளியே கொண்டுவருவேன்?

ஆண்டு தெரியாத நிகழ்ச்சிகளுக்கு நான் செய்வதைத்தான் அப்போதும் செய்தேன்: யார் சொன்னதையும் நம்பாமல் தடயத்தைத் தேடினேன். காப்பி உண்மையில் எங்கே போனது? ரேமுக்காகத் திறந்த பெட்டி திறந்தபடியே இருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே பழைய தூசி மட்டும் படிந்திருந்தது. ஒரு சொட்டு ஈரமோ கறையோ இல்லை. காப்பி தகரத்தின் வெளிப்புறமாகவே இறங்கியிருக்கிறது. அப்படியானால் குடித்தது விசைப்பலகை மட்டும்தான். அதைத் தடவினேன். விரல் ஒட்டிக்கொண்டது. எண்டர் விசை உள்ளே அமுங்கியபடி, பழுப்பு நிறத்தில் பளபளக்கும் ஒரு பூச்சுக்கு அடியில் உறைந்து கிடந்தது. விரலை முகர்ந்தேன். பிறகு நாக்கில் வைத்தேன்.

"ஏங்க."

அவர் சாத்திய சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சீனி போடாத காப்பி எப்படிப் பாகாச்சி?"

"சீனி போடலையே. ஒன் டாக்டரு சீனியத்தான வேண்டாம்னாரு? இது கருப்பட்டி. கருப்பட்டி மருந்துல்லாட்டி."

பாய் சிரிப்பு தாங்காமல் ஏணியின் மேற்படியில் உட்கார்ந்துவிட்டார். "அண்ணாச்சி, ஒங்க மருந்த நான் நல்லா முறுகக் காச்சிட்டனே!"

எண்டர் விசையை யாரோ விடாமல் அழுத்திக்கொண்டிருப்பதாக எண்ணித்தான் கணினி அவ்வளவு நேரமும் கதறியிருக்கிறது. விசைப்பலகையின் ஒயரைப் பிடுங்கிவிட்டு மறுபடி பொத்தானை அழுத்தினேன். திரை வெளிச்சமாயிற்று. பாய் தம் பட்டறையில் பில் போடும் விசைப்பலகையைக் கொண்டுவந்து மாட்டினார். பசை படிந்து பாதி எழுத்துகள் அழிந்திருந்தன. கடவுச்சொல்லை நினைவிலிருந்து அடித்தேன். குழாய் வந்த ஆண்டுதான் என் கடவுச்சொல். கணினி மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. என் கணவர்தான் இன்னும் ஏற்கவில்லை.

வரலாறு ஓர் எழுத்தும் குறையாமல் அப்படியே இருந்தது. முதல் வேலையாக இரண்டு பென் டிரைவில் பிரதி எடுத்தேன். பிறகு 'இவ்வாண்டு நம் தெருவில்' என்ற கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். அதில் கொஞ்சம் இடம் இருந்தது. அவர் அருகில் வந்தார்.

"இத எழுதிராதட்டி. தெரு பூராப் படிக்கும்."

"தமிழு படிக்கத் தெரிஞ்சது எத்தன பேரு? பிள்ளைய எல்லாம் எழுத்துக் கூட்டத்தான செய்யுது."

"நான் படிச்சிச் சொல்லிருவேன்லா" என்றார் பாய்.

என் கணவர் உள்ளே போய், கணினிக்கான யுபிஎஸ் வந்த அட்டைப்பெட்டியை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். உள்ளே, ரசீதுக்கும் உத்தரவாதச் சீட்டுக்கும் அடியில், இரண்டு வட்டுக் கருப்பட்டி. அந்தப் பெட்டியை நான் எந்தக் காலத்திலும் தூக்கிப்போட மாட்டேன் என்று தெரிந்து வைத்திருக்கிறார்!

அச்சகக்காரர் பாதிக் கதவை இறக்கியிருந்தபோது நான் போய்ச் சேர்ந்தேன். கொடுத்துவிட்டேன்.

பொங்கலன்று மலர் வந்தது. என் கணவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நேரே கடைசிப் பக்கத்துக்குப் போனார். ஒரு முறை படித்தார். விரலை வைத்து மறுபடி படித்தார். நிம்மதியாகப் பெருமூச்சு விடப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"என்னட்டி இது? கம்ப்யூட்டர் நின்னது இருக்கு. பாய் ஹீட் கன் கொண்டாந்து ஒதவுனது இருக்கு. கொட்டுனது யாருன்னு ஒரு வரி இல்லையே?"

"நீங்கதான எழுதாதன்னிய?"

"கருப்பட்டிய எழுதாதன்னுதான சொன்னேன்? என்னையுமா எழுதாதன்னேன்?"